க்வாய் ஹானாஸ் கடற்காப்பகத்தில் ஹைடா மக்களின் பங்கு எத்தகையது?

கேள்வி:
கடற்காப்பகங்களைப் பூர்வகுடி மக்களோடு இணைந்து திட்டமிட்டதற்குக் கனடாவின் மேற்குக் கரையோரத்திலுள்ள க்வாய் ஹானாஸைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே ஹைடா மக்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் உண்டா, அல்லது கருத்துக் கேட்பதோடு சரியா?

மறுமொழி 1:
அதிகாரம் உண்டு, அது போராடிப் பெற்றது. 1985இல் க்வாய் ஹானாஸிலுள்ள லயல் தீவில் மரம் வெட்டுவதை எதிர்த்து ஹைடா மக்கள் சாலையை மறித்துக் கைதானார்கள். 1993இல் ஹைடா மக்களுக்கும் கனடா அரசுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை, அப்பகுதி யாருக்கு உரியது என்பதில் இரு தரப்பும் கொண்டிருந்த முரண்பட்ட நிலைப்பாடுகளை அருகருகே பதிவுசெய்துவிட்டு, அந்தச் சிக்கல் தீரும்வரை காத்திராமல், சம எண்ணிக்கையில் உறுப்பினர்களைக் கொண்ட கூட்டு மேலாண்மைக் குழுவை அமைத்தது. என் பார்வையில், இந்த ஏற்பாட்டின் நுட்பமே அதுதான். குழு ஒருமித்த கருத்தின்படியே முடிவெடுக்கிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னது தொடக்கத்தில் நிலப்பகுதிக்கு உரியது. கடலுக்கான உடன்படிக்கை 2010இல்தான் வந்தது. நிலம், கடல், மக்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கொள்ளும் மேலாண்மைத் திட்டம் 2018இல் வெளியானபோது, கடற்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடாக இருந்த கடுங்காப்பு மண்டலம் 40 விழுக்காடாக உயர்ந்தது. அங்கே வணிக மீன்பிடிப்பும் பொழுதுபோக்கு மீன்பிடிப்பும் இல்லை. ஹைடா மக்கள் தம் மரபுப்படி உணவு திரட்டுவது தொடர்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. குழுவில் இணக்கம் ஏற்படாவிட்டால்?

மறுமொழி 1:
விவகாரம் ஹைடா மக்களின் ஆட்சியமைப்பான ஹைடா தேசப் பேரவைக்கும் கனடா அரசுக்கும் செல்லும்.