கீழத்தெருப் பாதையை அடைத்துவிட்டார்கள், அடுத்து யாரிடம் போவது?

வணக்கம். நாங்குநேரி வட்டம், களக்காடு பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். பஸ் உள்ளே வராது. மெயின் ரோட்டுக்கும் சுடுகாட்டுக்கும் கீழத்தெருவுக்கு இருப்பது ஒரே வண்டிப்பாதை. அதை ஜேசிபி வைத்துக் குறுக்கே வெட்டி, உடைமுள்ளை இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

காரணம் கூலி. பிசானப் பருவ நெல் நடவுக்கு எங்கள் பெண்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். மேலத்தெரு வயல்காரர்கள் வெளியூர் ஆளை இறக்கினார்கள். நடவு முடிந்த வாரமே பாதை போச்சு. கடையில் பற்றும் நின்றது. "மேலத்தெருவுல சொல்லிட்டாவ, நான் என்னம்மா செய்ய?" என்கிறார் கடைக்காரர். அவரும் அவர்களிடம் கடன் வாங்கியவர்தான், அவர்மேல் கோபமில்லை.

எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டின் நகல் கையில் இருக்கிறது. வண்டிப்பாதை புறம்போக்கு என்றே போட்டிருக்கிறது. தாசில்தாரிடம் மனு கொடுத்து, சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்றினார். மறுநாள் கல்லைக் காணோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு அதே தாசில்தாருக்கே திரும்பி வந்தது.

நாங்கள் பட்டியல் சாதி. பொதுப்பாதையைத் தடுப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், 2018 திருத்தப்படி எஃப்ஐஆருக்கு முன்விசாரணையும் தேவையில்லை என்று ஸ்டேஷனில் எடுத்துச் சொன்னோம். மனு ரசீதோடு சரி, "பேசித் தீர்த்துக்கிடுங்க" என்றார்கள். பேச உட்கார்ந்தால் கூலியை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள், அது தெரிந்த கதை.

அறுவடைக்குள் பாதை திறக்க வேண்டும். 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை கேட்டு சேரன்மகாதேவி சார் ஆட்சியரிடம் போவதா, நேரே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவதா, எது முதலில்?