ஜிப்சியும் வளைகாப்பும்

குழு: எங்க வீட்டு ஆளுங்க

சனிக்கிழமை

கார்த்தி: பெரியப்பா, நம்ம மாருதி ஜிப்சி ஜீப்பில் பின்னாலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம். நேற்று ஓசூர் ரோட்டில் 50-ஐத் தாண்டியதும் ஆரம்பித்தது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது.

பிரபு அத்தான்: வீல் பேரிங்தான் மச்சான். மாற்றிவிடு.

சித்தி: நாளைக்கு மலர் வளைகாப்புக்குக் கிருஷ்ணகிரி போக அந்த வண்டியைத்தானே சொன்னீர்கள்?

தங்கவயல் பெரியப்பா: அவசரப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சத்தமா, காலை எடுத்தாலா?

கார்த்தி: மிதிக்கும்போது அதிகம். காலை எடுத்தால் சுருதி மாறுகிறது, நிற்கவில்லை.

தங்கவயல் பெரியப்பா: வளைவில் திரும்பும்போது?

கார்த்தி: அதே சத்தம்தான்.

தங்கவயல் பெரியப்பா: அப்போ வீல் பேரிங் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. அது என்றால் வண்டி ஒரு பக்கம் சாயும்போதுதான் சத்தம் மாறும். மிதிப்பதும் விடுவதும் அதற்கு ஒன்றுதான். ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் போட்டால் டங் என்று அடிக்கிறதா?

கார்த்தி: நல்லா அடிக்கிறது.

பிரபு அத்தான்: ஷாஃப்ட் முனையில் மடங்குகிற யூனிவர்சல் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாமே மாமா?

தங்கவயல் பெரியப்பா: இருக்கலாம் மாப்பிள்ளை, அதையும் ஆட்டிப் பாருங்க. கார்த்தி, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போடு. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து, வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதே. கியர் நியூட்ரல். இன்ஜின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்சியலில் சேரும் இடத்தில் ஃபிளேஞ்ச் என்ற இணைப்புத் தட்டு இருக்கும். அதைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டு. சுற்றுவாக்கில் கொஞ்சம் பிளே இருந்தால் பரவாயில்லை. மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது.

தேவி அக்கா: பெரியப்பாவுக்குப் பெமல் டோசர் ஃபாக்டரி ஞாபகம் வந்துவிட்டது. டோசர் கழற்றின கை.

கார்த்தி: [படம்] ஆடுகிறது பெரியப்பா! ஃபிளேஞ்சைச் சுற்றி ஆயில் கசிந்து மண் அப்பியிருக்கிறது. ஜாயிண்ட் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

தங்கவயல் பெரியப்பா: ஷாஃப்ட் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம்தான் பினியன், அதன் பேரிங் போயிருக்கிறது. ஹவுசிங் மேல் பிரீதர் என்று ஒரு காற்றுத் துளை இருக்கும், சேறு அடைத்திருக்கிறதா பார். அது அடைத்தால் சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளிவிடும். ஆயில் குறைந்தால் முதலில் அடிவாங்குவது பினியன் பேரிங்தான்.

பிரபு அத்தான்: அடைத்துக் கல்லாகியிருக்கிறது மாமா. பழைய ஓனர் ஏதோ ஓடையில் இறக்கியிருப்பார்.

தங்கவயல் பெரியப்பா: ஆயிலை வடித்துப் பாருங்க. முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட், அப்புறம் கீழ் போல்ட். வடித்த பிறகு மேல் போல்ட் வராமல் அடம்பிடித்தால் எந்த வழியாக ஊற்றுவது? வடித்ததில் ஒரு காந்தத்தை விட்டு எடுங்க. கறுப்பு மாவு ஒட்டினால் கவலையில்லை.

கார்த்தி: [படம்] மாவோடு இதுவும் வந்தது. பச்சரிசி அளவு துண்டு. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, மறுபக்கம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பு.

தங்கவயல் பெரியப்பா: பளபளப்பது பல் தேய்ந்து ஓடின முகம். சொரசொரப்பு உடைந்த இடம். டிஃபரன்சியலை வெளியே எடுத்தாக வேண்டும்.

பிரபு அத்தான்: பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஃபோர் வீல் (ஃபோர் ஹை) போட்டு முன்சக்கரத்தால் ஓட்டிப் போய் வரலாமே?

தங்கவயல் பெரியப்பா: தெருமுனை வரை ஓட்டிச் சத்தம் எங்கே என்று கண்டுபிடிக்க அது நல்ல வழி. கிருஷ்ணகிரிக்கு வேண்டாம். பின்சக்கரம் சுற்றினால் ஆக்சில் ஷாஃப்ட் உள்ளே பினியனோடு சேரும் பெரிய பல்சக்கரமான கிரவுனையும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இன்னொரு துண்டு நடுவில் சிக்கினால் ஓட்டத்திலேயே சக்கரம் இறுகும்.

சித்தி: அப்போ சீர்த்தட்டை எல்லாம் பஸ்ஸிலா தூக்கிக்கொண்டு போவது?

தேவி அக்கா: டாக்சி சொல்லிவிட்டேன் சித்தி. இவங்க இரண்டு பேரும் இங்கேயே எண்ணெயில் குளிக்கட்டும்.

ஞாயிறு

தங்கவயல் பெரியப்பா: ஃபிளேஞ்ச் இரண்டிலும் அடையாளம் வைத்தாயா? சாக்பீஸ் வேண்டாம், ஆயில் பட்டால் போய்விடும். சின்னதாக உளிக் கீறல்.

கார்த்தி: வைத்தாச்சு. டிரம் கழற்றி, பிரேக் பைப்பும் ஹாண்ட் பிரேக் கேபிளும் எடுத்தாச்சு. இடது ஆக்சில் ஷாஃப்ட் வந்துவிட்டது. வலது பக்கம் அசைய மாட்டேன் என்கிறது.

தங்கவயல் பெரியப்பா: பேரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். டீசல் விட்டு ஊறவை. நேராக இழு, சாய்த்தால் உள்ளே இருக்கும் சீல் கிழியும். இரண்டு ஷாஃப்ட்டும் வெளியே வராமல் டிஃபரன்சியல் வராது. நட்டுகளில் மேலே இரண்டைக் கடைசி வரை விட்டுவை, அடியில் ஜாக்கி கொடுத்த பிறகுதான் அவை. கனம் ஜாஸ்தி, நெஞ்சில் வாங்காதே.

பிரபு அத்தான்: [படம்] வெளியே வந்தாச்சு மாமா! கிரவுனில் இரண்டு பல் நுனி இல்லை. பினியன் பேரிங் ரோலரில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. சிவாஜி நகர் குஜிரியில் (பழைய பாகச் சந்தையில்) முழுசாகவே ஒன்று கிடைக்கும், வாங்கிப் போட்டுவிடலாமா?

தங்கவயல் பெரியப்பா: பல்லை எண்ணாமல் காசைக் கொடுக்காதீங்க. உதாரணத்துக்கு, கிரவுனில் 41, பினியனில் 11 என்றால் விகிதம் 3.73. 37-ம் 9-ம் என்றால் 4.11. முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று இருந்தால் டூ வீலில் ஒன்றும் தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் பத்து சதவீதம் வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். தார் ரோட்டில் அப்படி ஓடினால் முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வரை முறுக்கிக்கொள்ளும்.

கார்த்தி: கடைக்காரர் எல்லா ஜிப்சிக்கும் ஒன்றுதான் என்கிறார்.

தங்கவயல் பெரியப்பா: சொல்வார். நம் கிரவுனையும் பினியனையும் எண்ணி எழுதிக் கொண்டுபோ. கிரவுனை மட்டும் தருகிறேன் என்றாலும் வாங்காதே, இரண்டும் ஜோடியாக ஓடிப் பழகினவை.

கார்த்தி: எண்ணிப் பார்த்தேன். அவர் காட்டினது நம்முடையதோடு சேரவில்லை.

தங்கவயல் பெரியப்பா: விடு. நாளைக்கு ஜே.சி. ரோட்டு ஸ்பேர் கடையில் புது கிரவுன் பினியன் செட், பேரிங், சீல், பேக்கிங், பிரீதர் கேள். செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் டயல் கேஜோடு வருகிறேன். இரண்டு பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை (பேக்லாஷ்) அளக்காமல் யாரும் மூடக் கூடாது.

சித்தி: வளைகாப்புப் படம் அத்தனை போட்டேன், ஒருத்தரும் பார்க்கவில்லை. மேலே தள்ளினால் கறுப்பு ஆயில்தான் வருகிறது.

பிரபு அத்தான்: பார்த்தேன் சித்தி, மலர் நன்றாக இருக்கிறாள். கார்த்தி, ஜி.எல்.5 கியர் ஆயிலையும் லிஸ்டில் சேர். பிரேக் பைப்பைக் கழற்றியிருக்கிறோம், பிரேக் ஆயிலும் வேண்டும்.