பிளேக் தையல் ஷூவுக்குப் புது சோல்: இத்தாலியின் மார்க்கே மாநிலப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. வேலைக்காக அங்கோனாவில் இருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், முதல் சம்பளம் சேர்த்து வைத்து, மொந்தெக்ரனாரோவில் ஒரு சின்னப் பட்டறையில் கையால் செய்த கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூ வாங்கினேன். மேலே கன்றுத்தோல், அடியில் தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் சோல். மேல்தோல் இன்னும் புதுசு மாதிரி மின்னுகிறது. சோல்தான் வலது பெருவிரலுக்குக் கீழே ஓட்டையாகிவிட்டது. அந்தப் பட்டறையும் இப்போது இல்லை.

உள்ளே இருக்கும் மெல்லிய தோலைத் தூக்கிப் பார்த்தால் இன்சோல் (உள் அடித்தோல்) மேலேயே தையல் வரிசை தெரிகிறது. அதாவது பிளேக் தையல். இன்சோல், மேல்தோல், சோல் மூன்றையும் ஒரே தையல் ஊடுருவிப் போகும். மேல்தோலையும் சோலையும் இணைக்க ஓரத்தில் சுற்றித் தைக்கும் தோல் பட்டை, அதாவது வெல்ட், கிடையாது. ஷூ இவ்வளவு லேசாக, காலோடு வளைவது அதனால்தான். ஆனால் மறுபடி தைக்க, ஷூவுக்குள் கை நீட்டித் தைக்கிற தனி மெஷின் வேண்டும். எங்கள் தெரு செருப்புக் கடைக்காரர் பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

ஃபெர்மோ, மச்செராத்தா பக்கம் பிளேக் மெஷின் வைத்திருக்கும் கைவினைஞர் யாரையாவது தெரியுமா? பழைய ஊசித் துளைகளிலேயே தைக்கச் சொல்ல வேண்டுமா, அல்லது இன்சோலையும் மாற்ற வேண்டுமா? அப்புறம், மழைக்காகப் புது சோலுக்குக் கீழே மெல்லிய ரப்பர் ஒட்டியவர்கள் இருந்தால், நடக்கும்போது அந்த வளைவு குறைந்ததா என்றும் சொல்லுங்கள். அடுத்த மாதம் தங்கை கல்யாணத்துக்கு இதைத்தான் போட ஆசை.