உப்புத் தண்ணீர் தொட்டியில் பாசி: என் நான்கு மாத அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

பந்திங்கிலிருந்து (சிலாங்கூர், மலேசியா):

வணக்கம். கடல்மீன் தொட்டி வைத்து நான்கு மாதம் ஆகிறது. அதில் பாதி நாள் பாசியோடு போராட்டம். இப்போது கண்ணாடி தெளிந்து நிற்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னைப் போல அலைய வேண்டாம் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

மூன்றடித் தொட்டி. கல், மணல் போக 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மோரிப் கடற்கரை பக்கத்தில்தானே, அங்கேயே தண்ணீர் மொண்டு வரலாமே என்று பலர் சொன்னார்கள். மோரிப் போனவர்களுக்குத் தெரியும், அது சேற்றுக் கடல். அந்த வண்டலைத் தொட்டியில் ஊற்ற மனம் வரவில்லை. கடையில் உப்பு வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், குளோரின் போக்கும் மருந்து விட்ட குழாய்த் தண்ணீரில் கலந்தேன்.

மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறி இறங்கி, பிறகு அதேபோல் விஷமான நைட்ரைட் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யம் ஆக ஐந்து வாரம் பிடித்தது. அதுவரை மீன் விடவில்லை. மூன்றாம் வாரமே மணல்மேல் பழுப்பாகப் படிய ஆரம்பித்தது. மைலோ தூளைச் சல்லடையில் சலித்துத் தூவினால் எப்படி இருக்கும், அப்படி. விரலால் கிளறினால் புகை மாதிரி எழும்பி மறுபடி அடங்கும். இது டயாட்டம் என்ற ஒற்றைச்செல் பாசி. சிலிக்கேட் இருக்கிறவரை வளரும், குழாய்த் தண்ணீரிலும் புது மணலிலும் அது இருக்கும். எனக்கு மூன்று வாரத்தில் தானாகக் குறைந்துவிட்டது. பழுப்பைப் பார்த்துப் பயந்து எதையும் ஊற்றாதீர்கள்.

பெரிய தொல்லை அதற்கப்புறம்தான். கோமாளி மீன் ஒரு ஜோடி விட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கல்லெல்லாம் பச்சை முடி. பிடுங்கினால் வழுக்கிக்கொண்டு கையோடு வரும், அடி மட்டும் கல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நான்கே நாளில் பழைய நீளம். வாரம் தவறாமல் 20 லிட்டர் மாற்றினேன், குறையவே இல்லை. கடையில் ஒரு பாசி மருந்தைக் கொடுத்தார்கள். போத்தலைத் திருப்பிப் பார்த்தால் செம்பு கலந்தது. நத்தையும் இறாலும் செம்பைத் தாங்காது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வழி காட்டியது அப்பாதான். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர், அதில் பல வருடம் உரம் போடும் வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "பாஸ்பேட் போட்ட கையோட மழை பிடிச்சா, அடுத்த வாரம் கால்வாய் இப்படித்தான் பச்சை கட்டிக் கிடக்கும். நீ இதுக்கு எங்கேருந்து உரம் போடுறே?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் ஊர்ச் சூட்டில் தொட்டி 30 டிகிரிக்குக் குறையாது. 27க்கு இறக்க மின்விசிறி வைத்திருந்தேன். விசிறி குளிரவைப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான், நாளுக்கு 2 லிட்டர் போகும். அதைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருந்தேன். பத்து வாரத்தில் 140 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு முழுத் தொட்டி. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், குழாய்த் தண்ணீரில் கரைந்து வந்த பாஸ்பேட், நைட்ரேட் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும், பாசிக்கு அதுதான் உரம். வாரா வாரம் மாற்றியதும் அதே குழாய்த் தண்ணீர். சுத்தம் செய்கிறேன் என்று நினைத்து உரம்தான் போட்டிருக்கிறேன். உறைந்த இறால் தீனியைக் கரைத்து அந்தச் சாற்றோடு ஊற்றியது, விளக்கை 11 மணி நேரம் எரியவிட்டது, இவையும் சேர்ந்துகொண்டன.

முடிவில் ஆர்.ஓ. வடிகட்டி (நுண்ணிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி வடிப்பது) ஒன்று வாங்கினேன், கடைசிக் கட்டத்தில் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசின் வைத்தது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் குழாய்த் தண்ணீர் 70க்கு மேல் காட்டியது, வடிகட்டியது 0. கழிவாக வரும் தண்ணீர் கறிவேப்பிலை மரத்துக்குப் போகிறது. விளக்கு 7 மணி நேரம். தீனியை டீ வடிகட்டியில் அலசிப் போடுகிறேன். தண்ணீர் மாற்றும் நாளில் ஒரு கல்லை மட்டும் எடுத்து, வெளியே எடுத்த அதே உப்புத் தண்ணீரில் முக்கிப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பேன். டர்போ நத்தை மூன்று விட்டேன். இரவு டார்ச் அடித்துப் பார்த்தால் அது மேய்ந்த இடம் கண்ணாடியில் வளைந்து வளைந்து, சீப்பால் வாரிய தலை மாதிரி தெரியும். ஆறு வாரத்தில், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், பாஸ்பேட் 0.3லிருந்து 0.08, நைட்ரேட் 30லிருந்து 8. முடி தானாக வெளுத்து உதிர்ந்தது.

கிள்ளானிலிருந்து:

நல்ல பதிவு அண்ணே. எனக்கு வேறு மாதிரி. கல் முழுக்கப் பச்சை, ஆனால் சோதித்தால் பாஸ்பேட் 0. அப்படியானால் எதைத் தின்று வளர்கிறது என்று மூன்று வாரம் குழம்பினேன். தண்ணீரில் கலக்கக் கலக்கப் பாசியே உறிஞ்சிக்கொள்கிறது, சோதனைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பூஜ்யம் காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள், கல்லைப் பாருங்கள்.

இன்னொன்று, மணலில் சிவப்புப் படலம். ஈர வெல்வெட் துணி போர்த்தியது போல, மேலே குமிழ் குமிழாக. சிவப்புப் பாசி என்கிறார்கள், ஆனால் அது சயனோபாக்டீரியா, பாக்டீரியா வகை. காலையில் குறைந்திருக்கும், விளக்கு எரிந்து சாயங்காலம் ஆனால் மறுபடி விரியும். என் தொட்டியில் அது வந்த மூலைக்கு நீரோட்டமே போகவில்லை. அலை மோட்டாரை அந்தப் பக்கம் திருப்பினேன், மெல்லிய குழாயால் படலத்தை உறிஞ்சி எடுத்தேன். ஒரு மாதத்தில் போய்விட்டது. நத்தை அதைத் தொடவே தொடாது.

தெலுக் இந்தானிலிருந்து:

தம்பி, 0.08இல் நிறுத்தினீர்கள், அது சரி. நான் நிறுத்தவில்லை. பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகளை இரண்டு மடங்கு போட்டு, நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யம் ஆக்கினேன். பச்சை போனது. அந்த இடத்தில் சளி போலப் பழுப்பு நூல், நுனியில் காற்றுக் குமிழோடு. டைனோஃபிளாஜெலேட் என்ற ஒற்றைச்செல் நுண்ணுயிர். போட்டிக்கு வேறு எதுவும் இல்லாத தொட்டியில் அது எளிதாகத் தலையெடுக்கும், சில வகைக்கு விஷமும் உண்டு. என் நத்தைகள் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. துகளை எடுத்துவிட்டு, தீனியைக் கொஞ்சம் கூட்டி, நைட்ரேட்டை 5க்குமேல் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. இரண்டு மாதம் ஆனது. மீன் இருக்கிற தொட்டியில் கொஞ்சம் சத்து இருக்கத்தான் வேண்டும்.

மீண்டும் பந்திங்கிலிருந்து:

நன்றி ஐயா, உங்கள் நத்தைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நானும் அந்தத் துகள் வாங்கி வைத்திருந்தேன், இனிப் பிரிக்க மாட்டேன்.

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார், வடிகட்டி வாங்க வசதி இல்லை, கடைத்தெருத் தண்ணீர் மெஷின் போதுமா என்று. தொடக்கத்துக்குப் போதும். மினரல் பொத்தானை விட்டு ஆர்.ஓ. பொத்தானை அழுத்துங்கள். எங்கள் ஊர் மெஷின் ஒன்றில் 6 வந்தது, இன்னொன்றில் 40. மீட்டரைச் சட்டைப்பையில் கொண்டுபோய் அளந்து பிடியுங்கள்.

நேற்றுப் பின்கண்ணாடியில் கடுகளவு இளஞ்சிவப்புப் புள்ளி நான்கைந்து பார்த்தேன். கோரலைன், கல்லிலும் கண்ணாடியிலும் ஓடு போலப் படிவது. அதுவும் பாசிதான், ஆனால் அது வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அப்பா துணியோடு துடைக்க வந்தார், கையைப் பிடித்துக்கொண்டேன்.