தென்னை நார்க்கழிவு சாயநீரைத் தெளியவைக்குமா? சிறு பட்டறைகளுக்கு அனுமதி தரலாமா?

நீர்வேதி:
சாயக்கழிவுநீரில் நிறத்தை எடுக்க நம் ஊரில் குவிந்து கிடக்கும் பொருட்களே போதும் என்பது என் வாதம். தென்னை நார்க்கழிவு, கடலைத்தோல், வாழைத்தண்டுச் சக்கை, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன் என்று பட்டியல் நீளும். நார்க்கழிவைக் கரியாக்கி காங்கோ ரெட் சாயத்தை ஈர்க்கவைக்க முடியும் என்று கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2002-லேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். இருபது வருடம் தாண்டியும் அது ஆய்விதழை விட்டுப் பட்டறைக்கு வரவில்லை. உப்பை வடிகட்டும் ஆர்.ஓ., மிஞ்சும் நீரை வற்றவைக்கும் ஆவியாக்கி எல்லாம் வைக்க வசதியில்லாத சிறு பட்டறைகளுக்காவது இந்த முறையை அனுமதிக்க வேண்டும். தேத்தாங்கொட்டையை உரசிக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்த ஊர் இது. நமக்கு இது புதிய யோசனையே இல்லை.

ஈடிபி_பொறுப்பு:
நான் திருப்பூர்ப் பக்கம் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவன். நேராகக் கணக்குக்கு வருகிறேன். 100 கிலோ பனியன் துணிக்குக் கறுப்பு ஏற்றுகிறோம் என்று வையுங்கள். துணிக்கு எட்டு மடங்கு தண்ணீர் என்றால் 800 லிட்டர். ஆழ்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு, ஆக 64 கிலோ. சாயம் 5 கிலோ. பருத்தியோடு வினைபுரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயத்தில் கால்பங்கு துணியில் பிடிக்காமல் போகிறது என்றால், கழிவில் வருவது ஒன்றேகால் கிலோ.

உங்கள் நார் அந்த ஒன்றேகால் கிலோவைச் சொட்டு மிச்சமில்லாமல் எடுத்தாலும் 64 கிலோ உப்பு தண்ணீரோடுதான் போகும். அலசுகிற தண்ணீரையும் சேர்த்து மொத்தம் 8,000 லிட்டர் என்றால், லிட்டருக்கு 8,000 மில்லிகிராம். வெளியே விடும் நீருக்கு டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு, வரம்பு 2,100. நிறம் போனதால் இந்தக் கணக்கில் என்ன மாறியது?

நீர்வேதி:
நார் உப்பை எடுக்கும் என்று நான் எங்கே சொன்னேன்? நிறத்துக்கு இப்போது நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். குளோரின் போட்டால் நிறம் போகும், ஆனால் உடைந்த சாயத்துண்டுகள் குளோரினோடு சேர்ந்து புதிய நச்சுப்பொருட்கள் ஆகின்றன. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டால் மலைமலையாகச் சகதி. ஈர்ப்பு முறையில் சாய மூலக்கூறு உடையாமல் முழுதாக வெளியே வருகிறது. இந்த நன்மையை ஏன் கணக்கில் எடுக்க மறுக்கிறீர்கள்?

வாத்தியார்_கோவை:
நன்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சாயத்தை வைத்துச் சோதிக்கிறோம் என்று கேளுங்கள். கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம். அது நேர்மின்சுமை கொண்டது. நாரும் தோலும் சக்கையும் தண்ணீரில் எதிர்மின்சுமை கொண்டவை. ஒட்டாமல் என்ன செய்யும்? 95 சதவீதம் நீங்கியது என்று எழுதிவிடலாம்.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் சல்போனேட் தொகுதிகள் இருக்கின்றன. அதுவும் எதிர்மின்சுமை. சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுவதே பருத்திக்கும் சாயத்துக்கும் இடையிலுள்ள அந்த விலக்கத்தைத் தணிக்கத்தான். அவ்வளவு உப்புப் போட்டும் பருத்தியில் பிடிக்காமல், தண்ணீரோடு வினைபுரிந்து செயலிழந்த சாயம்தான் கழிவாக வருகிறது. நார்த்தூளிலும் பெருமளவு இருப்பது செல்லுலோஸும் லிக்னினும்தான். பருத்தி விட்டுவிட்டதை அந்தத் தூள் எதற்காகப் பிடித்து வைத்துக்கொள்ளும்?

நீர்வேதி:
பச்சை நார்த்தூளுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். அதனால்தான் கைட்டோசனையும் சொன்னேன். அதிலுள்ள அமீன் தொகுதிகள், பிஹெச் (அமில, கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 6-க்குக் கீழே போனால் நேர்மின்சுமை பெறும். அமில நிலையில் ஒரு கிராம் கைட்டோசன் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் ரியாக்டிவ் சாயத்தை இழுக்கிறது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கிணைப்புச் செய்துவிட்டால் அமிலத்தில் கரைவதுமில்லை.

ஈடிபி_பொறுப்பு:
பிஹெச் 6-க்குக் கீழே! சாயத்தொட்டியில் காரத்துக்காகச் சோடா போடுவதால் எங்களுக்கு வரும் தண்ணீர் 10, 11-ல் இருக்கிறது. அதை 4-க்கு இறக்க எவ்வளவு கந்தக அமிலம் ஊற்றுவீர்கள்? அந்த அமிலமும் சோடாவும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோடியம் சல்பேட். உப்பைக் குறைக்க முடியாத இடத்தில் இன்னும் உப்பைச் சேர்க்கிறீர்கள். அந்த சல்பேட்டும் எதிர்மின்சுமைதான், கைட்டோசனில் இடம்பிடிக்கச் சாயத்தோடு போட்டி போடும்.

சகதிக்கும் வருகிறேன். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர், லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் என்றால் நாளுக்கு 100 கிலோ சாயம். கிராமுக்கு 50 மில்லிகிராம் பிடிக்கும் பொருள் என்றால் தினமும் 2 டன் வேண்டும், அதுவும் உலர்ந்த எடையில். நனைந்து வெளியே வரும்போது 8 டன் தேறும். எங்கே கொட்டுவது? எங்கள் பாய்லரில் போட்டு எரிக்கலாம் என்று யாரும் சொல்ல வேண்டாம். குளோரின் உள்ள சாயத்தை விறகு அடுப்புச் சூட்டில் எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு வரும் ஆபத்து இருக்கிறது. சிமெண்ட் சூளைக்குத்தான் அனுப்ப வேண்டும். நார்க்கழிவு இலவசமாகக் கிடக்கிறது என்பதும் பழைய கதை. இப்போது கட்டியாக அழுத்திச் செடி வளர்க்க ஏற்றுமதி செய்கிறார்கள்.

ஒரத்துப்பாளையத்தான்:
வணக்கமுங்க. படிச்சவங்க பேசுறதுல நடுவுல வர்றேன். எங்க ஊர் அணையை 1992-ல நொய்யல் ஆத்துல கட்டுனாங்க. பாசனத்துக்குன்னு கட்டுன அணை, சில வருசத்துலயே சாயத்தண்ணி தேங்குற குட்டையாப் போச்சு. தண்ணியத் தேக்காதீங்கன்னு நாங்களே கேக்குற நிலைமை. பாசனத் தண்ணிக்கு ஏங்குற ஊர்ல எந்த விவசாயி அப்படிக் கேப்பானுங்க?

அப்ப எங்களைக் கெடுத்தது நிறம் இல்லீங்க, உப்பு. தென்னை குரும்பை கொட்டுனது உப்பால. கெணத்துத் தண்ணியை மாடு மொகர்ந்து பாத்துட்டு விலகுனது உப்பால. தண்ணி செவப்பாவும் நீலமாவும் வந்தப்பக் கண்ணுக்குத் தெரிஞ்சுது, போட்டோ எடுத்தோம், கோர்ட்டுக்குப் போனோம். 2011 ஜனவரியில ஐகோர்ட்டு 700க்கு மேல பட்டறைகளை மூடச் சொன்னுது. நிறத்தை மட்டும் எடுத்துட்டு உப்பை உடுறதுக்கு அனுமதி குடுத்தா, நாங்க எதைக் காட்டிப் புகார் சொல்றது? தெளிஞ்ச தண்ணிதானேம்பாங்க. எனக்குப் பயமெல்லாம் அதுதானுங்க. சின்னப் பட்டறை, பெரிய பட்டறைன்னு உப்புக்குத் தெரியாது.

நீர்வேதி:
ஐயா, உங்கள் பயம் நியாயமானது. உப்புநீரை ஆற்றில் விட நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். அனுமதி என்று நான் சொன்னதை இப்படி வரையறுக்கிறேன்: கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத இப்போதைய விதி அப்படியே இருக்கட்டும். அதற்குள் ஒரு கட்டத்தில் இயற்கைப் பொருளைப் பயன்படுத்துவோம். ஆர்.ஓ.வில் மிஞ்சும் அடர் உப்புநீரைத் திரும்பச் சாயத்தொட்டிக்கே கொண்டுபோகிறார்கள். அதில் பழைய நிறம் இருந்தால் வெளிர் நிறத் துணி கெட்டுப்போகும். அந்த உப்புநீர் மொத்தக் கழிவில் சிறு பங்குதான். அங்கே கரியால் நிறத்தை எடுக்கலாமே? காங்கயத்தில் தேங்காய்த் தொட்டிக்கரிக்குப் பஞ்சமா?

வாத்தியார்_கோவை:
இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். உப்பு மிகுந்த நீரில் மின்விலக்கம் தணிவதால் கரியில் ரியாக்டிவ் சாயம் கூடுதலாகவே ஏறலாம். ஆனால் தொட்டிக்கரி வேண்டாம். அதன் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவு. குடிநீரில் குளோரின் வாடையை எடுக்க அருமையான கரி, பெரிய சாய மூலக்கூறுக்கோ வாசல் குறுகல். துளை அகலமாக வரும்படி தயாரித்த கரியாக இருக்க வேண்டும். மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்டால் அப்படி வரும். அந்த அமிலச் செலவைச் சேர்த்த பிறகும் மலிவு என்ற வாதம் நிற்கிறதா என்று பாருங்கள்.

பட்டுச்சிட்டம்:
காஞ்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் பருத்தியையே பேசுகிறீர்கள். பட்டுக்குப் போடுவது அமிலச் சாயம். அசிட்டிக் அமிலம் விட்டு பிஹெச் 4, 5-ல் கொதிக்கவைக்கிறோம். கிலோக்கணக்கில் உப்புக் கொட்டுவதில்லை. ஒரு கொப்பரையில் சில கிலோ பட்டுநூல் சிட்டம்தான். அப்படியானால் கைட்டோசன் கேட்கிற அமில நிலை எங்கள் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கிறதா இல்லையா? எங்களைப் போன்றவர்களிடம் ஆர்.ஓ. வைக்கச் சொன்னால் தொழிலை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வாத்தியார்_கோவை:
இருக்கிறது. இந்த விவாதத்தில் வந்ததிலேயே பொருத்தமான இடம் உங்கள் கொப்பரைதான். ஒன்று மட்டும்: பட்டுப் பசை போக்கும் சோப்புத் தண்ணீரைச் சாயத்தண்ணீரோடு கலக்காதீர்கள். அதிலுள்ள பசைப்புரதம் கைட்டோசனை மூடிவிடும்.

ஈடிபி_பொறுப்பு:
பட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு கேள்வியோடு. நீங்கள் போடும் அடர்நிறச் சாயங்களில் உலோகம் கலந்த வகை உண்டு. குரோமியம், கோபால்ட் இருக்கும். சாயம் ஏறிய கைட்டோசனைக் கொல்லையில் புதைத்தால் நிலத்தடி நீருக்குப் போகும். பத்துக் கொப்பரைக்காரர்கள் சேர்ந்து, உலர்த்தி, ஒரே மூட்டையாக அபாயக் கழிவுக்கு உரிய இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு உண்டா? அது இல்லாமல் அனுமதி தருவதை நான் எதிர்ப்பேன். பருத்திக்கு என் பதில் மாறவில்லை.

நீர்வேதி:
மூட்டைக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். பட்டுச்சிட்டம், செயற்கைக் கரைசல் வேண்டாம், அரக்கு நிறம் ஏற்றிய பிறகு மிஞ்சும் உண்மையான தண்ணீரில் ஐந்து லிட்டர் எடுத்து வைக்க முடியுமா? எந்தச் சாயம், எவ்வளவு போட்டீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். பருத்தியைப் பொறுத்தவரை அடர் உப்புநீர்க் கட்டத்தை நான் விடப்போவதில்லை, தனியாகத் தொடர்கிறேன்.

ஒரத்துப்பாளையத்தான்:
சோதனை பண்றப்ப ஒண்ணு மட்டும் பண்ணுங்க கண்ணு. நிறம் எத்தனை சதவீதம் போச்சுன்னு எழுதுற அட்டவணையிலயே, பக்கத்துக் கட்டத்துல டிடிஎஸ் முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னும் எழுதிப் போடுங்க. அந்தக் கட்டம் இல்லாம எந்த ஆராய்ச்சியும் எங்க ஊர்ப் பக்கம் வர வேண்டாமுங்க.