நெல்லையில் வாடகை வீட்டுச் சட்டமும் அரசு அலுவலக நடைமுறையும் ஒரே ஆய்வில் அடங்குமா?

கேள்வி: பாளை ஆய்வாளர்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பொது நிர்வாகவியல் கற்பிக்கிறேன். வாடகை வீட்டுக் கொள்கையையும் அரசு அலுவலகங்களின் பணிப் பண்பாட்டையும் சேர்த்து ஆராய்வதற்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இவை இரண்டு தனித்தனி ஆய்வுகள் என்றும், ஒன்றை விட்டுவிடுவது நல்லது என்றும் மூத்த பேராசிரியர் ஒருவர் அறிவுரை சொன்னார். இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்று எனக்குப் படுகிறது. ஆனால் அதை நான்கு பேர் ஒப்புக்கொள்ளும்படி எழுத்தில் நிறுவ முடியாமல் நிற்கிறேன்.

நான் தொடங்கிய இடம் இதுதான். 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஒவ்வொரு வாடகை உடன்பாடும் எழுத்தில் இருக்கவேண்டும் என்றும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவேண்டும் என்றும் சொல்கிறது. பெருமாள்புரம், மகாராஜநகர், டவுண் ரத வீதிகளைச் சுற்றியுள்ள தெருக்கள் ஆகியவற்றில் நான் விசாரித்த வீடுகளில் அப்படிப் பதிவு செய்தவர் ஒருவரைக்கூடச் சந்திக்கவில்லை. இங்கே எத்தனை உடன்பாடுகள் பதிவாகியிருக்கின்றன என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு அனுப்பினார்கள். நான்காவதாகப் போய் நின்ற மேசையில் ஆளே இல்லை. அந்த இருக்கை சில மாதங்களாகக் காலியாக இருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர் பரிவோடு சொன்னார்.

சட்டம் நடைமுறைக்கு வராததற்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது. அந்தக் காலி நாற்காலியையும் ஒரு காரணமாக எழுதலாமா? எழுதலாம் என்றால், பணியில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் வராமல் அவர்களிடம் எப்படிப் பேசுவது?

பதில்: கோர்ட் வாசல்

வணக்கம் ஐயா. நான் பாளை நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்துபவன். உங்கள் மூத்த பேராசிரியர் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படித்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். வீடு காலியானால் 7 நாட்களுக்குள் வீட்டுக்காரர் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்பதும், அரசுக்கோ அரசு அலுவலர் ஒருவர் குடியிருப்பதற்கோ அந்த வீடு தேவையில்லை என்றால்தான் அவர் விருப்பப்பட்டவருக்கு வாடகைக்கு விடலாம் என்பதும் அந்தப் பிரிவின் சாரம். குறைந்த வாடகை வீடுகளுக்கு விலக்கு இருந்தது. மாற்றலாகி வரும் அலுவலருக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்ற கவலையை அந்தச் சட்டம் தன் முதல் சில பிரிவுகளுக்குள்ளேயே வைத்திருந்தது. புதிய சட்டத்தின் 3ஆம் பிரிவோ நேர் எதிராக, அரசுக்குச் சொந்தமான கட்டடங்களையும், நிறுவனமோ பல்கலைக்கழகமோ பணி ஒப்பந்தத்தின் பகுதியாகத் தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் வீடுகளையும் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. இரண்டு சட்டங்களிலும் அது 3ஆம் பிரிவாகவே அமைந்தது தற்செயல்தான் என்றாலும், உங்கள் முதல் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். பழைய சட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தவர் மாவட்ட உரிமையியல் நீதிபதி, அதாவது முன்சீப். நியாய வாடகை என்பது குடியிருப்புக் கட்டடமானால் அதன் மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடையானால் 12 சதவீதம் என்று கணக்குப் போட்டுத் தீர்ப்பு எழுதுவார். புதிய சட்டத்தில் நீதிமன்றமும் தீர்ப்பாயமும் இல்லாமல் இல்லை. ஆனால் முதல் படியில் உட்கார்ந்திருப்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த்துறை அதிகாரி. வாடகை என்பது வழக்குக் கட்டிலிருந்து கோப்புக்கு மாறிவிட்டது. வழக்கு என்றால் வாய்தா உண்டு, கட்சிக்காரர் கேள்வி கேட்பார். கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்க அவருக்கு அந்த அளவு வசதி இல்லை. ஆகவே 2019க்குப் பிறகு நெல்லையின் வாடகை நிலவரத்தை எழுதுபவர் அலுவலகத்துக்குள் போகாமல் எழுதவே முடியாது.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 11ஆம் பிரிவு ‘மாறான உடன்பாடு இருந்தாலொழிய’ என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. பத்து மாத முன்பணம் கேட்கும் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு நிபந்தனையே போதும். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அது மாதிரிதான், இங்கே செல்லும் சட்டமல்ல.

பதில்: பெருமாள்புரம் மாடிவீடு

நான் வீட்டுக்காரி தரப்பிலிருந்து எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் மாடியை அரசு ஊழியர்களுக்கு மட்டுமே வாடகைக்கு விட்டுவருகிறோம். சம்பளம் மாதக் கடைசியில் தவறாமல் வந்துவிடும் என்பதுதான் காரணம் என்று பலரும் நினைப்பார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, மாற்றல் உத்தரவு வந்தால் அவர்களாகவே காலி செய்துவிடுவார்கள் என்ற நிம்மதி. வீடு கொடுப்பதைவிடத் திரும்ப வாங்குவதுதான் எங்களுக்குப் பயம்; அந்தப் பயத்தைச் சட்டமோ அலுவலகமோ தீர்த்துவைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லாததால், மாற்றல் உத்தரவை நம்பினேன்.

எழுத்து என்று நாங்கள் வைத்துக்கொண்டது பதினொரு மாத முத்திரைத்தாள் மட்டும்தான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஜனவரி பிறந்தால் குடியிருப்பவர் வாடகை ரசீது கேட்டு மாடியிலிருந்து இறங்கிவருவார். வருட வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் என் பான் எண்ணையும் வாங்கிக்கொள்வார். வருமான வரியின் புதிய முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு இல்லை என்றான பிறகு, அந்த முறைக்கு மாறியவர்கள் ரசீதே கேட்பதில்லை. காகிதம் வேண்டும் என்று எங்களை நெருக்கிக்கொண்டிருந்த ஒரே ஆளும் போய்விட்டார். இதையும் உங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள், சார்.

பதில்: பழைய ஹெட் கிளார்க்

தம்பிக்கு வணக்கம். வருவாய்த்துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலி நாற்காலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை விட்டுவிடாதீர்கள், ஆனால் அதன் மேல் கோபத்தோடு எழுதாதீர்கள்.

அலுவலகத்தில் ஒரு வேலை உயிரோடு இருக்கிறதா என்பதை அரசாணை காட்டாது; ஒவ்வோர் ஊழியரும் தன்னிடம் வரும் தபால்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேடு காட்டும். நம் வருவாய்த்துறை அலுவலகங்கள் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வரும் டோட்டன்ஹாம் முறையில் நடப்பவை. வருகிற தபாலுக்கு எண் விழும். அது அ1, ஆ3 என்று ஓர் இருக்கைக்குப் போகும். அந்த இருக்கைக்காரர் தன் தன்பதிவேட்டில் ஏற்றுவார். கோப்பு முடிந்ததும் எத்தனை ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பதற்கேற்ப அதற்கு ஒரு முடிவு எழுத்து விழும். நிரந்தரமாகக் காக்கவேண்டியதற்கு ஓர் எழுத்து, பத்தாண்டில் அழிக்கலாம் என்பதற்கு வேறோர் எழுத்து. புதிய சட்டம் ஒன்று வரும்போது அதற்கென்று புதிய இருக்கை வருவது அரிது. ஏற்கெனவே பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் மனுக்கள் என்று வைத்திருக்கும் ஒருவரிடம் ‘இதையும் பாருங்கள்’ என்று ஒப்படைக்கப்படும். மேலிருந்து எந்த வேலைக்கு வாராவாரம் அறிக்கை கேட்கிறார்களோ அந்த வேலை நடக்கும். கேட்காத வேலை, பதிவேட்டின் அடிப்பக்கத்தில் ஒதுங்கிக்கொள்ளும். வாடகை உடன்பாட்டை இணையத்தில் பதிவு செய்ய வழி வந்துவிட்டது. ஆனாலும் அதன் மறுமுனையில் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்ற நிலை மாறவில்லை. சோம்பேறித்தனம் எங்கும் உண்டு, எங்களிடமும் உண்டு. ஆனால் சோம்பேறித்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் உங்கள் ஆய்வு பேருந்து நிறுத்தத்துப் பேச்சாகிவிடும்.

எப்படிப் பேசுவது என்றால், தகவல் உரிமைச் சட்ட மனுவை முதல் அடியாக வைக்காதீர்கள். 30 நாளில் பதில் வரும், ஆனால் அதன் பிறகு அந்த அலுவலகத்தில் உங்கள் பெயர் ‘மனு போட்டவர்’ என்று ஆகிவிடும். தேநீர்கூட எச்சரிக்கையோடுதான் வாங்கிக் கொடுப்பார்கள். பல்கலைக்கழகக் கடிதத்தோடு ஆட்சியருக்கு முறையாக விண்ணப்பியுங்கள். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பெயர், முகவரி எதையும் கேட்காதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 என்று ஒன்று இருக்கிறது. அனுமதியில்லாமல் அலுவல் செய்தி சொன்னால் அவருக்குத்தான் குறிப்பாணை வரும், உங்களுக்கு அல்ல. இன்னொன்றும் சொல்கிறேன்: உங்கள் விண்ணப்பமே ஒரு தபால்தான். அது எத்தனையாவது நாளில் எண் பெறுகிறது, எந்த இருக்கைக்குப் போகிறது, ‘இது நம் பிரிவு அல்ல’ என்று எத்தனை முறை திருப்பப்படுகிறது என்பதைத் தேதியோடு குறித்துவையுங்கள். யாரையும் பேட்டி காணாமலே ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

பதில்: செங்கோட்டை பாசஞ்சர்

நான் பணியில் இருப்பவன் என்பதால் துறையைச் சொல்லவில்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது எங்களில் பலரின் வேலை அங்கே போனது, குடும்பம் இங்கேயே நின்றது. அம்பாசமுத்திரம், பாவூர்சத்திரம் வழியாகத் தினமும் ரயிலில் போய்வருபவர்களில் நானும் ஒருவன். இரண்டு ஊரில் இரண்டு வாடகை கொடுக்க முடியாது என்பது ஒரு காரணம். புது ஊரில் வீடு கிடைப்பது என்னவென்று எனக்குத் தெரியும் என்பது மற்றொரு காரணம்.

இங்கே நான் இருப்பது டவுணில் ஒரு வளவு வீடு. தார்சா, பட்டாசல், அடுக்களை, பின்னால் அங்கணம் என்று நீளமாகப் போகும். ஒரே நடையில் ஐந்து குடும்பங்கள். மாத வாடகை கிடையாது, ஒத்திக்கு எடுத்திருக்கிறேன். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்தாயிற்று, மூன்று வருடம் கழித்துத் திரும்பக் கிடைக்கும் என்பது பேச்சு. பேச்சுதான், ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்து; பதிவு கிடையாது. பகலெல்லாம் மக்களிடம் ‘ஆவணம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது’ என்று சொல்லிவிட்டு இரவு அந்த வீட்டில்தான் படுக்கிறேன்.

இந்த வீடு எனக்குத் தரகர் மூலம் வரவில்லை. முன்பு வேலை பார்த்த அலுவலகத்தின் உதவியாளர் அண்ணாச்சி சொல்லித்தான் கிடைத்தது. அதற்கு முன் ஏறி இறங்கிய வீடுகளில், வேலை என்ன என்பதற்கு அடுத்த கேள்வி ‘நீங்க எந்த ஆளுக?’ என்பதாகவே இருந்தது. அரசாங்க அடையாள அட்டை முதல் கேள்வியைத் தாண்ட உதவும், இரண்டாவதைத் தாண்ட உதவாது. அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்ன பிறகு அந்தக் கேள்வி எழவில்லை. பிறகு ஒரு நாள் அவருடைய மைத்துனரின் மனு என் மேசைக்கு வந்தது. நியாயமான மனுதான், எப்படியும் முடித்திருப்பேன். ஆனால் அதை அடுக்கின் நடுவிலிருந்து உருவி மேலே வைத்தேன். அதற்காகக் காத்திருந்த வேறொருவர் ஒரு வாரம் தள்ளிப்போனார். காசு ஒன்றும் கைமாறவில்லை. ஐயா கேட்கும் பணிப் பண்பாடு என்பதில் இதுவும் சேரும் என்று நினைக்கிறேன்.

பதில்: கோர்ட் வாசல்

தம்பியின் ஒத்தியைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும், ஏனெனில் இது அவசரம். நம் பக்கத்தில் ஒத்தி என்பது வாடகையே அல்ல. சொத்து மாற்றச் சட்டம், 1882இன் 58ஆம் பிரிவின்படி அது அனுபவ அடமானம், அதாவது கொடுத்த பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிப்பது. 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலம்தான் செல்லும். நாளை வீட்டுக்காரர் வீட்டை வேறொருவருக்கு விற்றால், வில்லங்கச் சான்றில் உங்கள் பணம் தெரியவே தெரியாது. ஒத்திக் காலம் முடியும்வரை காத்திராமல் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: பாளை ஆய்வாளர்

நான் சட்டத்தையும் அலுவலகத்தையும் இணைக்கும் ஒரு கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பாசஞ்சர் தம்பி ஒரு வட்டத்தையே காட்டிவிட்டார். எழுத்திலுள்ள சட்டம் வீடு தேடித் தராததால் ஊழியர் அலுவலக உறவை நாடுகிறார். அந்த உறவின் கடன் கோப்புகளின் வரிசையை மாற்றுகிறது. வரிசையில் பின்தங்கும் வேலைகளில் வாடகைப் பதிவும் இருக்கக்கூடும். இந்தக் கடைசிக் கண்ணியை மட்டும் நான் களத்தில் சரிபார்க்கவேண்டும். அது அறுந்துபோனால் அறுந்தது என்றே எழுதுவேன்.

தம்பியின் அனுபவத்தைத் துறை, ஊர் எதுவும் புலப்படாதபடி மாற்றிப் பயன்படுத்தலாமா என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறேன். அவர் மறுத்தால் விட்டுவிடுவேன். பெரியவர் சொன்னபடி ஆட்சியருக்கான கடிதத்தை இந்த வாரமே கொடுக்கிறேன். கள ஆய்வை மே, ஜூன் மாதங்களில் வைத்துக்கொள்ள எண்ணியிருக்கிறேன். பொது மாறுதல் உத்தரவுகள் வரும் காலம் அதுதானே?

பதில்: பழைய ஹெட் கிளார்க்

ஆமாம், ஆனால் ஜூலை முதல் இரு வாரங்களையும் விட்டுவிடாதீர்கள். ஆடி பிறந்துவிட்டால் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள் என்பதால், மாற்றலாகி வந்தவர்கள் எல்லோரும் ஆனி முடிவதற்குள் சாமான்களை இறக்கிவிடத் துடிப்பார்கள். முன்பணம் ஏறுவதும், எழுத்தில்லாமல் சாவி கைமாறுவதும் அந்தப் பதினைந்து நாளில்தான். கடிதத்தைக் கொடுக்கும்போது நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. பலரும் அதை மறந்துவிட்டுத்தான் பிறகு அலைகிறார்கள்.