டிஎன்எஃப்: ரெப்போ ஐடி மாறியதும் பழைய கேஷை எப்படிப் பயன்படுத்துவது?

நண்பர்களே, கிண்டியில் ஒரு பயிற்சி லேப், எல்லாமே அல்மா லினக்ஸ் 9. அதில் ரெப்போவிலிருந்து (பேக்கேஜ் கிடங்கு) சாஃப்ட்வேரை இறக்கி இன்ஸ்டால் செய்வது டிஎன்எஃப். நெட் மெதுவானதால் ஒரு மெஷினில் 'கீப்கேஷ்=1' போட்டு ஆர்பிஎம்களை (பேக்கேஜ் ஃபைல்கள்) டிஎன்எஃப்பின் கேஷில், அதாவது இறக்கியதை வைக்கும் ஃபோல்டரில், சேர்த்து வைத்திருக்கிறோம். (அது இல்லையென்றால் இன்ஸ்டால் முடிந்ததும் டிஎன்எஃப் அவற்றை அழித்துவிடும்.)

மிரர்லிஸ்ட்டை (நகல் சர்வர்களின் பட்டியல்) எடுத்துவிட்டு நேரடி பேஸ்யூஆர்எல் (ஒரே சர்வரின் முகவரி) கொடுத்து, ரெப்போ ஐடியையும் சுருக்கினோம். இப்போது எல்லாவற்றையும் புதிதாக டவுன்லோட் செய்கிறது. காரணம் தெரியும்: கேஷ் ஃபோல்டரின் பெயர், ஐடியும் அதன் பின்னால் யூஆர்எல்லிலிருந்து வரும் 16 எழுத்து ஹாஷும் (கணக்கிட்டு எடுக்கும் குறியீடு) சேர்ந்தது. எது மாறினாலும் புது ஃபோல்டர்தான். 'நேம்=' வரி வெறும் போர்டு; அதை மாற்றினால் கேஷுக்கு ஒன்றும் ஆகாது.

பழைய 'பேக்கேஜஸ்' ஃபோல்டரில் இருப்பதைப் புதியதற்குள் காப்பி செய்யலாம். அடுத்த முறை யூஆர்எல் மாறினால் மறுபடி இதே பாடு. அதைவிட, எல்லாவற்றையும் தனி ஃபோல்டரில் போட்டு 'கிரியேட்ரெப்போ_சி' (ரெப்போவுக்கான மெட்டாடேட்டாவை உருவாக்கும் கருவி) ஓட்டி, லோக்கல் ரெப்போவாக்கி, 'காஸ்ட்' மதிப்பை (குறைவாக இருக்கும் ரெப்போவுக்கே முன்னுரிமை) இயல்பான 1000-க்குக் கீழே வைப்பதே மேல். கையொப்பம் ஆர்பிஎம்முக்குள்ளேயே இருப்பதால் 'ஜிபிஜிசெக்=1' (கையொப்பச் சோதனை) அப்படியே இருக்கலாம்.

சிக்கல் மாடுலர் பேக்கேஜ்களில், அதாவது பல பதிப்பு வரிசைகளில் (ஸ்ட்ரீம்) ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போடுபவற்றில். நோட்ஜேஎஸ், பிஎச்பி ஸ்ட்ரீம்களுக்கு இந்த லோக்கல் ரெப்போவில் மாடுலர் மெட்டாடேட்டா (ஸ்ட்ரீம் விவரங்கள்) இல்லையென்று டிஎன்எஃப் மறுக்கிறது. 'மாட்யூல்_ஹாட்ஃபிக்சஸ்=1' போட்டால் ஸ்ட்ரீம் கட்டுப்பாடே போய்விடும், அது வேண்டாம். அந்த விவரங்கள் உள்ள, அசல் ரெப்போவின் மாட்யூல்ஸ் யாம்ல் ஃபைலை 'மாடிஃபைரெப்போ_சி' கருவி மூலம் லோக்கல் ரெப்போவில் சேர்த்து யாராவது ஓட்டுகிறீர்களா? ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அதை மறுபடி சேர்க்க வேண்டியிருக்கிறதா?